'ஒழுங்கான வினை' என்று நம்பினால்: கெதார் என்னைப் படுத்திய பாடு

ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு இறந்தகாலம் என்றாலே தெனேர், எஸ்தார், பொனேர் போன்ற வினைகள்மேல்தான் பயம். தூவே, எஸ்தூவே, பூசே என்று உருவமே மாறிவிடும். உட்கார்ந்து நெட்டுருப் போட்டால் வந்துவிடும், எனக்கும் வந்தது. உயிரை எடுத்தது 'கெதார்'தான். பாடப்புத்தகம் அதற்குக் கொடுத்தது ஒரே வரி: ஒழுங்கான வினை, பொருள் தங்கு, எஞ்சு. வகுப்பில் ஆசிரியையும் "ஆப்லார் (பேசு) மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஸ்பெயின் தலைநகர் மத்ரீதில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்த சமயம் அது. வீட்டு ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி: 'எமோஸ் கெதாதோ மன்யானா ஆ லாஸ் தியேஸ் கொன் எல் பிளம்பர்' (பிளம்பர் மட்டும் என் உபயம்). புத்தகக் கணக்குப்படி 'எமோஸ்' சேர்ந்தால் முடிந்துபோன செயல். அகராதிக் கணக்குப்படி கெதார் என்றால் தங்குவது. இரண்டையும் கூட்டினால் 'நாளை பத்து மணிக்கு பிளம்பரோடு தங்கியிருக்கிறோம்'! யாரோ எங்கேயோ தங்கிவிட்டுப் போகட்டும் என்று மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பிளம்பர் வந்து, மணியடித்து, திரும்பிப் போயிருக்கிறார். இங்கே பிளம்பர் வந்துபோவதற்கே தனிக் கட்டணம் உண்டு. அதை என் தலையில் கட்டிய ஏஜெண்ட், போனில் "அபீயாமோஸ் கெதாதோ!" என்று கத்தினார். அதே வினை, இன்னொரு இறந்தகாலம்.

அன்று ராத்திரி ஸ்பானிஷ் மொழிக்கான ராயல் அகாடமியின் அகராதியைத் திறந்தேன். இணையத்தில் இலவசம், வினைத்திரிபு அட்டவணையும் அதிலேயே இருக்கிறது. 'அமைதிப்படுத்து' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம் கெதார். எனக்கு அமைதி கிடைக்கவில்லை. தங்குவது முதலில் வருகிறது. பேசி முடிவுசெய்வது, சந்திக்க நேரம் குறிப்பது எல்லாம் கீழே எங்கேயோ. மத்ரீதில் தினமும் காதில் விழுவதோ அந்தக் கீழே இருப்பதுதான்.

முடிச்சு அவிழ்ந்தது தமிழில் யோசித்தபோது. 'நாளைக்குப் பத்து மணிக்கென்று பேசியாச்சு' என்கிறோமே, அதேதான் எமோஸ் கெதாதோ. பேச்சு முடிந்துவிட்டது, அதனால் இறந்தகாலம். சந்திப்பு இனிமேல்தான். ஏஜெண்ட் கத்திய 'அபீயாமோஸ் கெதாதோ' என்பது 'பத்து மணி என்றுதானே பேசியிருந்தோம்!' பேச்சு மீறப்பட்டபோது வரும் குத்தல் அது.

அப்புறம் கவனிக்க வேண்டியது முன்னாலும் பின்னாலும் ஒட்டும் சின்னச் சொற்களை. 'கெதே கொன் ஆனா' என்றால் ஆனாவைச் சந்திப்பதாகப் பேசிக்கொண்டேன். முன்னால் ஒரு 'மெ' போட்டு 'மெ கெதே கொன் ஆனா' என்றால் ஆனாவோடு தங்கிவிட்டேன். கல்யாணமானவர்கள் இந்த 'மெ'யைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாளவும். ஆனா இருக்கும் இடத்தில் மீதிச் சில்லறையை வைத்தால், சில்லறையை நானே வைத்துக்கொண்டேன் என்றாகிவிடும். 'கெதே என்' போட்டு ஒரு வினையைச் சேர்த்தால், செய்வதாக ஒப்புக்கொண்டேன். 'மெ கெதே தொர்மீதோ' என்பதற்கு நம்மிடம் அச்சாக 'தூங்கிப்போய்விட்டேன்' இருக்கிறது. அந்தப் 'போய்விட்டேன்' வேலையைத்தான் மெ கெதே செய்கிறது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

தொடர் இறந்தகாலத்தைக் கற்றுக்கொடுத்தது ஓர் அரசு அலுவலகத்தின் கவுண்ட்டர். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இணையத்தில் பார்த்தால் எப்போதும் 'நொ கேதான் சீத்தாஸ்', அதாவது நேரம் மீதி இல்லை. நேரில் போய்க் கேட்டேன். அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "காலையில் இரண்டு கெதாபான்" என்றார். மீதி இருந்தனவாம்! எண்ணிக்கை அப்போது எப்படி இருந்தது என்று நிலையைச் சொன்னால் கெதாபா, கெதாபான். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது என்று முடித்துச் சொன்னால் கெதோ, கெதாரோன். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், முன்பதிவு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

குடியுரிமைக்காகத் தெலே ஏ2 என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வை எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் வாசிப்பும் எழுத்தும் ஒரே ஜோடி. சேர்த்து 50-க்கு 30 எடுக்க வேண்டும். எழுத்துப் பகுதியில் உயிரெழுத்தின் மேல் போடும் அழுத்தக்குறியை விட்டால் 'கெதே' என்ற இறந்தகாலம் வேறு வடிவமாகிவிடும், 'கெதோ' என்பது 'நான் தங்குகிறேன்' ஆகிவிடும். போனில் ஸ்பெயின்காரர்களே பலர் குறி போடுவதில்லை, அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள். கெதாமோஸ் இன்னும் மோசம்: 'நாம்' வடிவத்தில் நிகழ்காலமும் இறந்தகாலமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, குறியும் காப்பாற்றாது. பக்கத்தில் 'ஆயேர்' (நேற்று) இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே வழி. உச்சரிப்பில் மட்டும் நமக்கு லாபம். உயிர்களுக்கு நடுவே அவர்கள் சொல்லும் மெல்லிய 'த', 'அது' என்பதில் நாம் சொல்லும் த-தான். வகுப்பில் மற்றவர்கள் 'கெடார், கெடார்' என்று இடித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பாராட்டு கிடைத்தது. அந்த ஆசிரியையிடம் கிடைத்த ஒரே பாராட்டு.

குழாய் இரண்டாவது முறை ஒழுகியபோது, பிளம்பர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கதவைத் திறந்ததும் "அபீயாமோஸ் கெதாதோ ஆ லாஸ் தியேஸ்" என்றேன். மன்னிப்புக் கேட்டார்! அன்று பில்லில் வந்துபோகும் கட்டணமும் இல்லை.

எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தால், காசெரெஸ் பக்கத்துக்காரரான மாடிவீட்டுப் பெரியவர் "சாவியை வீட்டில் கெதே" என்கிறார். விட்டுவிட்டு வந்தேன் என்று அர்த்தமாம். மேற்கு ஸ்பெயினில் 'விடு' என்பதற்கும் கெதார்தான். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், சரி. தேர்வில் எழுதிவிடாதீர்கள், பொதுவழக்கில் அதற்கு தெஹார் என்ற வினை இருக்கிறது, அதன் இறந்தகாலம் நிஜமாகவே ஒழுங்கானது.