பணிப்பெண் எடுப்பதற்கு முன் பேச வேண்டியவை

சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பணிப்பெண் எடுப்பது என்றால் முகவரிடம் பணம் கட்டுவது, படத்தைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, வந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போவது, அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 2023 கடைசியில் அம்மாவுக்காக நான் அதில் இறங்கியபோது தெரிந்தது வேறு. மனிதவள அமைச்சு பெரும்பாலும் கேட்பது நம்மைப் பற்றித்தான். யார் முதலாளி, எந்த வீடு, யாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்? இந்த மூன்றுக்கும் குடும்பத்துக்குள் ஒரே பதில் இருந்தால் மற்றதெல்லாம் படிவம் நிரப்பும் வேலை. எங்களிடம் ஒரே பதில் இல்லை.

அம்மாவுக்கு அப்போது 77 வயது. பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் சரியாக இயங்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக ஈசூனில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அடையாள அட்டையில் இருந்தது செங்காங்கில் அண்ணன் வீட்டு முகவரி. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் லெவி 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 67 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவர் முதலாளியின் குடும்பத்தில், அதே முகவரியில் இருந்தால் அது 60 வெள்ளியாகக் குறைகிறது. அதே முகவரி என்றால் பதிவில் உள்ள முகவரி. அம்மா என் வீட்டுக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார் என்று சொல்லிப் பயனில்லை.

முகவரியை மாற்றுவது எளிது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளம் மூலம் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்தால், புது முகவரிக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும், அதைப் பதிந்தால் போதும். அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏம்மா, அம்மா பேரை என் வீட்டுலேர்ந்தே எடுத்துடப் போறியா?" என்றார். அப்பா இறந்த பிறகு பத்து வருடம் அம்மாவை வைத்துப் பார்த்தவர் அவர். மாதம் 240 வெள்ளி மிச்சம் என்று கணக்குக் காட்டினால் அடங்குகிற வருத்தமில்லை அது. அண்ணிதான் பேசிச் சரிசெய்தார்.

அடுத்து அண்ணன் இன்னொரு யோசனை சொன்னார். செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்வோம், பணிப்பெண் ஒரு வாரம் உன் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில். நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் வேலை அனுமதியில் எந்த முகவரி இருக்கிறதோ அந்த வீட்டு வேலைக்குத்தான் பணிப்பெண் வருகிறார். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், பிறகு பணிப்பெண் எடுக்கவே தடையும் வரலாம். வயதான பெற்றோரை நெருங்கிய உறவினர் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மட்டும் இடம் உண்டு. அதற்கும் பணிப்பெண்ணின் சம்மதம் வேண்டும், இரண்டு வீட்டு வேலையையும் அவர் தலையில் கட்டக்கூடாது. எனவே அம்மா சில சனி, ஞாயிறுகளில் செங்காங் போகும்போது அவரும் கூடப் போவார், அம்மாவை மட்டும் பார்ப்பார், அங்கே துடைப்பத்தைத் தொடமாட்டார் என்று முடிவு செய்தோம். அதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொன்னேன். முகவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

முதல் தடவை பணிப்பெண் எடுப்பவர்களுக்கு மூன்று மணி நேர அறிமுக வகுப்பு கட்டாயம். இணையத்திலேயே முடிக்கலாம், விண்ணப்பத்துக்கு இரண்டு வேலை நாள் முன்னதாகவாவது முடித்திருக்க வேண்டும். பாதி நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஊரில் சர்வசாதாரணமாக நடக்கும் பல விஷயங்கள் சட்டப்படி தவறு என்று அதில்தான் தெளிவாகிறது. பணிப்பெண்ணின் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று சம்பளப் பணத்தை நாம் வைத்துக்கொள்வதும் 2019லிருந்து கூடாது. அடுக்குமாடி வீட்டில் ஜன்னலின் வெளிப்புறம் துடைக்க வேண்டுமானால் கம்பி பொருத்திப் பூட்டியிருக்க வேண்டும், வீட்டில் வயதுவந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முகவரைத் தேர்ந்தெடுக்க அமைச்சின் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. உரிமம் உண்டா என்பதோடு, அவர் அனுப்பிய பெண்களில் எத்தனை பேர் அதே வீட்டில் நிலைத்தார்கள் என்ற விகிதமும் அதில் தெரியும். கடைவாசலில் ஒட்டியிருக்கும் தள்ளுபடி அறிவிப்பைவிட அதைப் பார்ப்பது நல்லது. நான் முதலில் போன ஓர் இடத்தில், "ஓய்வு நாளே வேண்டாம் என்கிற பெண் இருக்கிறாள், மேடம்" என்று ஏதோ சலுகை மாதிரி சொன்னார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு அவருடைய உரிமை. இருவரும் ஒத்துக்கொண்டால் அதற்குப் பதிலாகக் குறைந்தது ஒரு நாள் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்டாமல், ஓய்வு விட்டே ஆக வேண்டும். அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட்டேன். சட்டம் தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா? இரண்டுமே நமக்கு ஆகாது.

தமிழ் பேசும் ஆளாகப் பார், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எடு என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மாவோ செம்பவாங் கம்பத்தில் (அந்தக் காலத்துக் கிராமத்தில்) வளர்ந்தவர். அந்தத் தலைமுறைக்குச் சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு. காணொளி நேர்காணலில் இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் அம்மா மலாயில் நேரடியாகவே பேச ஆரம்பித்துவிட்டார். உனக்கு எத்தனை பிள்ளைகள், என்னைத் தூக்க முடியுமா, காரம் சாப்பிடுவாயா. நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் தேவைப்படவில்லை. தைவானில் பக்கவாதம் வந்த ஒருவரைப் பார்த்துக்கொண்ட அனுபவமும் அவருக்கு இருந்தது. சம்பளம் 680 வெள்ளி என்று பேசினோம்.

முகவரின் ரசீதில் ஒரு வரியை மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டும். பணிப்பெண் முகவருக்குத் தர வேண்டிய கட்டணத்தை நாம் முன்பணமாகக் கட்டி, பிறகு அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். சிங்கப்பூர் முகவர் அவரிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். மொத்தத்தையும் முதல் மாதங்களிலேயே பிடித்தால் ஊருக்கு அனுப்ப அவர் கையில் ஒன்றும் இருக்காது. எட்டு மாதமாகப் பிரித்துப் பிடிக்கலாம் என்றேன், முகவரும் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. விண்ணப்பக் கட்டணம் 35 வெள்ளி, அனுமதி வழங்கும்போது இன்னொரு 35. கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்ததும் அரசாங்கத்துக்குத் தர வேண்டிய 5,000 வெள்ளிப் பிணைக்குக் காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதம், 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி, அதே தொகைக்கு விபத்துக் காப்புறுதி. மூன்றையும் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். வந்து இறங்கிய பின் மருத்துவப் பரிசோதனை, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

அம்மா போன்றவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் விட்டுவிடக் கூடாதது இல்லப் பராமரிப்பு மானியம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் பிறர் உதவி வேண்டும் என்று மதிப்பீட்டில் தெரிந்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து அப்போது மாதம் 400 வெள்ளி வரை கொடுத்தார்கள். மதிப்பீடு செய்ய வந்தவரிடம் அம்மா, "எல்லாம் நானே செய்துக்குவேன்" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டார். எழுந்து காட்டுங்கள் பாட்டி என்றதும்தான் உண்மை தெரிந்தது. தூக்கி உட்காரவைக்கும் முறை போன்றவற்றைக் கற்கப் பராமரிப்பாளர் பயிற்சி மானியமும் உண்டு. அந்த வகுப்புக்குப் பணிப்பெண்ணோடு நானும் போனேன்.

இரண்டு ஆண்டு அனுமதி முடியும் சமயத்தில் முகவர் அழைத்து, புதுப்பித்துத் தருகிறேன், சேவைக் கட்டணம் இவ்வளவு என்றார். அமைச்சின் தளத்தில் நாமே செய்துகொள்ளலாம் என்பதால் வேண்டாம் என்றேன். பிணையையும் காப்புறுதியையும் நீட்டித்துவிட்டு விண்ணப்பித்தேன். சம்பளத்தை 800 ஆக்கச் சொல்லிப் பணிப்பெண் கேட்டார், கொடுத்தோம். அதில் 50 வெள்ளி அண்ணன் பங்கு.