கண்ணாடிக்கு மறுபுறம்

குடும்பத்தினரோடு ஒன்றாகப் பேசி உதவும் குடும்ப உளவியல் சிகிச்சைக்கான பயிற்சியில், ஒருபுறமிருந்து மட்டும் பார்க்க முடிகிற ஒருவழிக் கண்ணாடிக்குத் தனி இடம் உண்டு. பயிற்சி பெறுபவர் ஓர் அறையில் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்க, ஆசிரியரும் சக மாணவர்களும் மறுபுறம் இருந்து கவனித்து, தேவைப்படும்போது அவரை வெளியே அழைத்து யோசனை சொல்வார்கள். தங்களைப் பற்றி அங்கே என்ன பேசப்பட்டது என்பது மட்டும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.

1985 மார்ச்சில், நார்வேயின் வடபகுதியிலுள்ள திரோம்சோ நகரில், மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சனின் குழு இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. நம்பிக்கையூட்டும் கேள்விகளைச் சொல்லி அனுப்பிய பிறகும் இளம் சிகிச்சையாளர் திரும்பத் திரும்ப அந்தக் குடும்பத்தின் துயரத்துக்குள்ளேயே இழுக்கப்பட்டதால், குழுவினர் பேசுவதைக் கேட்க விருப்பமா என்று குடும்பத்திடமே கேட்டு, குடும்பம் குழுவைப் பார்க்கவும் கேட்கவும் முடியும்படி இரண்டு அறைகளுக்கும் இடையே விளக்கையும் ஒலியையும் மாற்றிவிட்டார்கள். (அந்தக் கணத்தில் குழுவுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்!) 1987இல் 'ஃபேமிலி பிராசஸ்' ஆய்விதழில் ஆண்டர்சன் இந்த முறையை விரிவாக எழுதினார்.

இதைக் குடும்பத்துக்குப் பயன்படும் உத்தி என்று மட்டுமே கற்பிப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த அம்மா பிடிவாதக்காரர்" என்று எவரும் எளிதில் சொல்வதில்லை. "அவர் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று யோசிக்கிறேன்" என்று சொல்லப் பழகுகிறார்கள். பயிற்சி பெறுபவருக்குக் கிடைக்கும் பெரிய பாடம் அதுதான் என்பது என் எண்ணம்.