அட்டையில்லாமல் வந்த பிள்ளைக்கு எஞ்சிய ஊசிகள்

2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இலங்கையின் மன்னார்த் தீவில் பேசாலைக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து படகேறியபோது, என் மகனுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் ஊர்க் கிளினிக்கில் முறையாகக் கிடைத்திருந்தன. ஆறாம் மாதத்துத் தவணைக்கு முன்பாக, ஜூன் மாதத்தில், பேசாலைத் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது தாக்குதல் நடந்தது. அதன்பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் மருத்துவமாது எங்கள் பக்கத்துக்கு வருவதும் நின்றுபோயிற்று. கிளினிக் கட்டடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனாலும் அதற்குப் போகும் வழி அச்சத்துக்குரியதானதும் தவணைகள் தவறத் தொடங்கின. போர் மருத்துவத்தைப் பறிப்பது பெரும்பாலும் இவ்வாறுதான் என்று நான் எண்ணுகிறேன்.

படகோட்டி இறக்கிவிட்ட மணல்திட்டில் காத்திருந்தபோது, கடல்நீர் புகுந்த பையில் பிள்ளையின் தடுப்பூசி அட்டையும் மாமியின் கிளினிக் கொப்பியும் கூழாகிப் போயிருந்தன. தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பதிவும் விசாரணையும் முடிந்து, மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூர் முகாமுக்கு எங்களை அனுப்பினார்கள்.

வந்தவுடன் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். பழைய அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் ஊசி போட இயலாது என்று அங்கே பதிவு செய்யும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1990இல் வந்து இதே முகாமில் பிள்ளைகளை வளர்த்தெடுத்திருந்த பக்கத்து வீட்டு அக்காதான் சரியான வழியைக் காட்டினார். தமிழ்நாட்டில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுவார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாமல் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கிராம சுகாதார செவிலியரைப் பார் என்றார்.

அந்தச் செவிலியர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். “அட்டை போனா போகட்டும்மா. எந்த மாசத்துல எந்த ஊசி போட்டாங்கன்னு மட்டும் நினைவுபடுத்திச் சொல்லுங்க” என்றார். பிறந்தவுடன் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு மகனின் இடது தோளில் இருந்ததைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். இங்கே அப்போது முத்தடுப்பு ஊசியை ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போட்டு முடித்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு, நான்கு, ஆறு மாதங்கள் என்பது கணக்கு. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமோ என்று நான் கலங்கியபோது, இடைவெளி நீண்டுவிட்டாலும் முன்பு போட்டவை வீணாவதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும் என்று விளக்கினார். புதிய அட்டையொன்றில் முந்தைய தவணைகளுக்கு நேரே ‘தாய் கூறியபடி’ என்று எழுதி, மூன்றாவது ஊசியை அன்றே போட்டார். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ திரவமும் தர வேண்டும் என்று தேதியும் குறித்துக் கொடுத்தார். ஒரு தாயின் வாய்ச்சொல்லை ஆவணமாக ஏற்றுக்கொண்ட அந்த இரண்டு சொற்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாமியின் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வழி கிடைப்பது இதைவிடக் கடினமாக இருந்தது. மாத்திரைகளின் நிறம் அவருக்கு நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. நிறத்தை வைத்து மருந்து தர எந்த மருத்துவராலும் முடியாது. மேலூர் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து, புதிதாக அளவு கணித்தே மருந்தெழுதினார்கள். கண் பரிசோதனைக்காக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தபோது, மாலைக்குள் முகாம் திரும்பியாக வேண்டிய நிலை இருந்ததால், முன்கூட்டியே அனுமதி பெற்று முதல் பேருந்திலேயே புறப்பட்டோம். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசின் திட்டம் தொடங்கிய பிறகு, அதே மாத்திரைகள் அவருக்கு வீட்டுக்கே வருகின்றன.

என் அக்கா கைக்குழந்தையோடு வட இலங்கையின் போர்ப்பகுதியான வன்னியில் அகப்பட்டிருந்தார். 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணை வீச்சுக்கு மீண்டும் மீண்டும் உள்ளாகி, நோயாளர்களைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பள்ளிக்கூடமே மருத்துவமனையாயிற்று. செஞ்சிலுவைக் குழு ஏற்பாடு செய்த கப்பலில் காயமடைந்தவர்களுக்கே இடம் போதாதபோது, தவணை ஊசியை யார் நினைப்பார்கள்? போர் முடிந்து, செட்டிகுளத்து முகாமிலிருந்து அக்கா தொலைபேசியில் பேசியபோது, செவிலியர் எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன்: நினைவில் உள்ள ஊசிகளை மாதவாரியாகத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தழும்பைக் காட்டுங்கள், முதலிலிருந்து போடச் சொல்வார்களோ என்று பயப்படாதீர்கள்.

2022 மார்ச்சிலிருந்து, பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியவர்களில் எங்கள் உறவினர்களும் இருந்தனர். புறப்படும் முன் கேட்டவர்களிடம், பிள்ளையின் அட்டையையும் மருந்துச் சீட்டையும் கைப்பேசியில் படமெடுத்து இங்குள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள் என்றும், மாத்திரையின் பெயரை உறையோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அப்படி அனுப்பியவர்களின் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.