அம்மாவின் கையெழுத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்

இரண்டு நாட்களாகக் கணினிக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வேரா மோல்னாரின் ஓவியங்களிலேயே கிடக்கிறேன். 1924இல் புடாபெஸ்டில் பிறந்து, 1947இல் பாரிஸில் குடியேறியவர். கணினி கைக்கு எட்டாத 1959லேயே வரைவதற்கான விதிகளை வகுத்து, இயந்திரம்போல ஒன்றுவிடாமல் அவற்றைக் கையாலேயே வரைந்து பார்த்தார். அந்த முறைக்குக் ‘கற்பனை இயந்திரம்’ என்று பெயரும் வைத்தார். 1968இல்தான் நிஜக் கணினி கிடைத்தது. திரை கிடையாது. துளைகளிட்ட அட்டைகளில் கட்டளையைக் கொடுத்துவிட்டு, வரைகருவியின் பேனா தாளில் கோடிழுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

1974இல் செய்த சதுரங்களைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கோட்டுச் சதுரங்கள். சிலவற்றின் மூலைகள் மட்டும் கொஞ்சம் பிசகியிருக்கும். அந்தச் சிறு பிசகில் தாள் முழுவதும் மூச்சுவிடத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு பிசகலாம் என்பதை அவர் எண்ணாகவே நிரலில் எழுதினார்.

ஆனால், என்னை உலுக்கியது ‘என் அம்மாவின் கடிதங்கள்’ வரிசைதான். புடாபெஸ்டிலிருந்து வாரந்தோறும் கடிதம் வரும். அம்மாவின் எழுத்து வரியின் இடப்பக்கம் கறாராகத் தொடங்கி, வலப்பக்கம் போகப்போகப் பதறும். வயது ஏற ஏற நடுக்கமும் கூடியது. கடிதங்கள் நின்றுபோன பிறகு, அந்தப் பதற்றத்தை நிரலாக்கி, அம்மா தனக்கு எழுதுவதுபோலக் கணினியில் தொடர்ந்து எழுதினார். 1981 முதல் 1990 வரை.

அவற்றில் வாசிக்க ஒரு சொல்கூட இல்லை. மேலும் கீழும் ஏறியிறங்கும் கோடுகள்தான். பார்த்தவுடனே கடிதம் என்று தெரிந்துவிடுகிறது.