எங்கள் பிரிவுக்கு எப்போது?

என் தம்பிக்கு அப்போது 34 வயது. கொழும்பில், வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தான், உடம்பில் ஒரு குறையும் இல்லை. 2021 மார்ச் தொடக்கத்திலேயே அவனுக்குக் கொரோனாவுக்கான அஸ்ட்ராசெனகா முதல் ஊசி போட்டாயிற்று. அம்மாவுக்கு 71. சீனி வருத்தம், பிறஷர் இரண்டும் உண்டு. திருகோணமலையில், பாலையூற்றில் எங்களோடு இருந்தபடியால் அவருக்கு ஜூன் மாதம்தான் முறை வந்தது.

கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகளுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அங்கே வயது கூடியவர்களில் இருந்து தொடங்கி இறங்கி வந்தார்களாம். இங்கே இலங்கையில் வயதைவிட விலாசம்தான் முக்கியம் என்று நான் சொல்ல, அவள் நம்பவில்லை.

நடந்தது இதுதான். ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 இலட்சம் ஊசிகள் வந்து இறங்கின. மறுநாளே சுகாதார ஊழியர்களுக்குப் போடத் தொடங்கினார்கள், பிறகு படையினர், பொலிஸார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும் அப்போதே கிடைத்தது. அதில் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் அடுத்ததாகக் கொழும்பு இருக்கிற மேல் மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிட்டார்கள். தொற்று அங்கேதான் அதிகம், வேலைக்குப் போய்வருகிறவர்கள்தான் பரப்புகிறார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. சாகிறது முதியவர்கள், அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் பலர் சத்தம் போட்டார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. 60 வயதுக்காரர்கள் பக்கம் திரும்பியபோது கையிருப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் இரண்டாவது அலை அடித்து ஏற்றுமதி நின்றுபோனது. முதல் ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு வழியில்லாமல் நின்றார்கள். என் தம்பியும் அதில் ஒருவன்.

சீனா கொடுத்த 6 இலட்சம் சைனோபாம் ஊசி மார்ச் கடைசியிலேயே நாட்டுக்குள் வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் மே 7ஆம் திகதி அதற்கு அனுமதி கொடுக்கும் வரை இங்கே இருந்த சீன நாட்டவர்களுக்கு மட்டும் போட்டார்கள். அனுமதி வந்ததும் மறுபடியும் மேல் மாகாணம்தான் முதல். மே கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு 50,000 ஊசிகள் போகின்றன என்று செய்தி வந்ததும் எங்கள் வீதியே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் அடுத்தது எங்கள் கிழக்கு.

மே 21 முதல் நாடு முழுக்கப் பயணக் கட்டுப்பாடு. நான் கணக்கு எழுதுகிற கடையும் பூட்டு. வேலை இல்லாத நேரத்தில் வட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகளைக் கேட்பதுதான் பொழுது. "நாளைக்கு உவர்மலையில் போடுகினமாம்", "இல்லை, உப்புவெளிக்குத்தான் முதலாம்." முதல் நாள் வந்ததை அடுத்த நாள் இன்னொருவர் மறுப்பார். கொஞ்ச நாளில் நான் அவற்றைத் திறப்பதை விட்டுவிட்டு, கிராம சேவகருக்கும் எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவுக்கும் மட்டும் போன் எடுத்தேன். இதை யாருக்கும் சொல்லுவேன்: பட்டியல் யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள், மற்றதெல்லாம் காற்று.

மாவட்டத்துக்கு ஊசி வந்த பிறகும் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. வந்ததை சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்குப் பிரித்து, அங்கிருந்து கிராம சேவகர் பிரிவுகளுக்குப் பிரித்தார்கள். எங்கள் ஒழுங்கையின் அந்தப் பக்கம் வேறு பிரிவு. அங்கே முதலில் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா கையைத் தடவிக்கொண்டு வாசலில் நின்று "உங்களுக்கு எப்பவாம்?" என்று கேட்டபோது அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ரோட்டுக்கு அங்கால வந்த கொரோனா இங்கால வராதாமோ?" என்றார். வயதில் குறைந்த சிலர் ஆளைப் பிடித்துப் பின்கதவால் போட்டுக்கொண்டார்கள் என்ற கதையும் ஓடியது. உண்மையோ பொய்யோ, பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கிறவனுக்கு உள்ளே சாப்பிடுகிற எல்லோரும் கள்ளர்தான்.

ஒரு நாள் இரவு கிராம சேவகரே போன் பண்ணினார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு வரச் சொன்னார். 60க்கு மேற்பட்டவர்கள் மட்டும், அடையாள அட்டை கட்டாயம். பயணக் கட்டுப்பாட்டில் ஓட்டோ ஓடாது. அயலில் இருந்த தம்பி ஒருவர் தன் ஓட்டோவில் கூட்டிப் போனார். சந்தியில் பொலிஸ் மறித்தது. பின்சீற்றில் இருந்த அம்மா அடையாள அட்டையை வெளியே நீட்டி "ஊசிக்குத் தம்பி" என்றதும் விட்டுவிட்டார்கள்.

நாங்கள் எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். அதற்குள் மதிலோரம் முழுக்கச் சனம். விடியமுன்னமே வந்தவர்கள் தங்கள் இடத்தில் பையையும் குடையையும் வைத்துவிட்டு மரநிழலில் இருந்தார்கள். இலக்கத் துண்டு கொடுக்கத் தொடங்கியதும் அந்தப் பைகளுக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது. இரண்டு பக்கமும் சத்தம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு கதிரையில் ஏறி நின்று, பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோருக்கும் இன்றைக்கு ஊசி உண்டு, துண்டு இல்லாவிட்டாலும் உண்டு என்று தொண்டை கிழியச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அடங்கியது. இந்த ஒரு வசனத்தை முதலிலேயே ஒரு மட்டையில் எழுதிக் கட்டியிருக்கலாம்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. வந்திருந்த முதியவர்களில் பாதிப்பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது. கொஞ்சம் சிங்களம் தெரிந்ததால் நான் பத்துப் பதினைந்து பேருக்கு நிரப்பிக் கொடுத்தேன். அவர்கள் என்னை மிஸ் என்று கூப்பிடத் தொடங்கினார்கள், ஒரு ஐயா பிறஷர் குளிசையைக் காட்டி இதைக் குடிக்கலாமா என்றுகூடக் கேட்டார்.

பிறஷர் என்றதும்தான் எங்கள் கதை வருகிறது. ஊசிக்கு முன் எல்லோருக்கும் பிறஷர் பார்த்தார்கள். அம்மாவுக்கு மிகவும் கூட. பிந்திவிடுமோ என்ற அவசரத்தில் காலைச் சாப்பாடும் இல்லை, குளிசையும் இல்லை. இரவு நித்திரையும் இல்லையாம், அதை அங்கே வைத்துத்தான் சொல்கிறார். வைத்தியர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. "அம்மா, குளிசையைப் போட்டு, பிஸ்கட் ஏதும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் இருங்கோ" என்றார். குடும்பநல மாது தன் பையில் இருந்த கிறீம் கிறக்கரைக் கொடுத்தார். இரண்டாம் தடவை பார்த்தபோது இறங்கியிருந்தது. ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அரை மணித்தியாலம் வகுப்பறையில் இருக்க வைத்து, அட்டையில் நான்கு கிழமை தள்ளித் திகதி எழுதித் தந்தார்கள். நான் அட்டையை வாங்கியதும் அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்த்தேன். ஓர் இலக்கம் மாறியிருந்தது, அங்கேயே திருத்தினார்கள். அப்போது பார்க்காமல் விட்டவர்கள், பிறகு வெளிநாடு போக இணையத்தில் சான்றிதழ் எடுக்கும்போது அலைந்தார்கள்.

ஜூலையில் இரண்டாவது ஊசிக்குப் போனபோது இந்தக் கலவரம் எதுவும் இல்லை. அதே மாதம் 30க்கு மேற்பட்டவர்களுக்கும் தொடங்கினார்கள், நானும் போட்டேன். சைனோபாம் தொகை தொகையாக வரத் தொடங்கியிருந்தது.

தம்பி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனகா ஜூலை கடைசியில் வந்து, ஓகஸ்டில்தான் அவனுக்கு இரண்டாவது கிடைத்தது. அம்மா அதற்குள் இரண்டும் முடித்துவிட்டார். "நீ முந்திப் போட்டனி, நான் முந்தி முடிச்சிட்டன்" என்று போனில் அவனைச் சீண்டாத நாள் இல்லை.

அந்த ஓகஸ்டில் டெல்டா வகைக் கொரோனா அடித்தது. ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் ஊசி போடாத முதியவர்கள். சீன ஊசி வேண்டாம் என்று நின்ற எங்கள் அயலவர்கள் சிலர் அப்போதுதான் ஓடிப்போய்ப் போட்டார்கள். இளைஞர்களின் கவலை வேறு. மூதூர், கிண்ணியாப் பக்கம் மத்திய கிழக்கில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. சவூதியில் சைனோபாமை மட்டும் வைத்து அப்போது ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் முறை வந்தும் பைசருக்காகக் காத்திருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது சம்பளம்.

மூன்றாவது ஊசி பைசர். 2022 தொடக்கத்தில் குடும்பநல மாதுவே வீடு வீடாகப் போன் பண்ணி, வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் போன அன்று கதிரைகள் காலி. அம்மா குளிசையும் சாப்பாடும் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார், ஆனால் இந்தத் தடவை யாரும் பிறஷர் பார்க்கவில்லை. அதற்கும் ஏசிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.