பழைய பைபர் படகு வாங்கும் முன்: ஆட்டத்தை எப்படிச் சோதிப்பது?

பழைய பைபர் படகு பார்க்கப் போகிறவர்கள் முதலில் தட்டிப் பார்ப்பது இன்ஜினைத்தான். இன்ஜினை நாளைக்கே மாற்றலாம், அகலத்தை மாற்ற முடியாது.

டேப் பிடிக்கும்போது மேல்விளிம்பை அளந்து ஏமாறாதீர்கள். தண்ணீர் தொடும் மட்டத்தில் எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. எடை கூடாமல் அந்த அகலம் 5 அடியிலிருந்து 6 அடியானால், சாய்வைத் தடுக்க உடல்வடிவம் தரும் பலம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். மேலே விரிந்து கீழே ஒடுங்கிய படகு கரையில் அகலமாகத் தெரியும், ஏறினால் தள்ளாடும்.

தட்டையான அடிப்பாகம் பழவேற்காடு ஏரி மாதிரி இடத்துக்குச் சரி. கடலில் அலையின் சரிவோடு சேர்ந்து அதுவும் சரியும், அடியும் வாங்கும். 'வி' வடிவ அடிப்பாகம் முதலில் கொஞ்சம் ஆடும், சாயச் சாய இறுகும். கரையிலிருந்து தள்ளி இறக்கும் நம் கடற்கரைக்கு ஆழமில்லாத 'வி' போதும்.

சோதனையைத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும், வெறும் படகில் அல்ல. இன்ஜின், டீசல், வலையின் எடைக்கு மணல் மூட்டை எல்லாம் ஏற்றுங்கள். இரண்டு பேர் ஒரே விளிம்பில் நிற்கட்டும். தண்ணீருக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு சாண்கூட மிஞ்சவில்லையா, வேறு படகு பாருங்கள். பிறகு படகை ஆட்டிவிட்டு, போய்த் திரும்பும் ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அகலம் 1.8 மீட்டர் என்றால் 1.8 விநாடியைத் தாண்டக் கூடாது. தோராயக் கணக்குதான், ஆனால் நம்பலாம். நிதானமாக ஆடும் படகு உடம்புக்குச் சுகமாக இருக்கும். ஆனால் பாரம் மேலே ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி. வலையை விளிம்புக்கு மேல் குவித்தாலும் இதே கதைதான். ஐஸ் பெட்டியை நடுவில், தரையோடு வையுங்கள்.

அடுத்து மிதவை அறைகள், அதாவது படகில் தண்ணீர் புகுந்தாலும் மூழ்காமல் தாங்க, தெர்மாகோல் அடைத்து மூடிய அறைகள். ஒரு லிட்டர் தெர்மாகோல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். பைபர் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கை இழக்கும். ஆக 600 கிலோ உடலுக்குச் சுமார் 200 லிட்டர், இன்ஜினுக்கும் ஆட்களுக்கும் தனி. தெர்மாகோல் மேல் நேரடியாக ரெசின் (பைபரை இறுக்கும் பசை) பூசியிருந்தால் அது கரைந்து போயிருக்கும். பாலித்தீன் சுற்றியிருக்க வேண்டும். அறையைத் தட்டியபடி படகைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே 'சளக்' என்று கேட்டால் அறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, படகு சாயும் பக்கமே அந்தத் தண்ணீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும். அறையைத் திறந்து வடித்து, ஓட்டையை அடைத்துக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.