முதலில் மண்டபத்துக்குள் வரவேண்டும்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 50 உறுப்புரைகள் இருக்கின்றன. கல்வி, தொழில், வாக்குரிமை, நீதி, போர்க்காலப் பாதுகாப்பு என்று எல்லாமே அதில் உண்டு. கொழும்பில் இந்த வேலைக்கு வந்தபின் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது 4ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தியைத்தான். மாற்றுத்திறனாளிகளைத் தொடும் சட்டமோ கொள்கையோ எதுவானாலும், அவர்களோடும் அவர்களுடைய அமைப்புகளோடும் நெருக்கமாகக் கலந்துபேசி, அவர்களையும் சேர்த்துக்கொண்டே அரசு செய்யவேண்டும் என்கிறது அது. சிறுவர்களையும் விட்டுவிடக் கூடாது என்று தனியாகச் சொல்கிறது.

என் வேலையும் அந்தப் பந்திக்குள்தான் அடங்கும். சமவாயத்தை ஏற்ற நாடு ஒவ்வொன்றும் இரண்டு வருடத்துக்குள் முதல் அறிக்கையையும், பிறகு நான்கு வருடத்துக்கு ஒன்றையும் ஜெனீவாவில் இருக்கும் 18 பேர் கொண்ட நிபுணர் குழுவுக்கு அனுப்பவேண்டும். அரசின் அறிக்கை சொல்லாமல் விட்டதை மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் தாங்களே எழுதி அனுப்பலாம். நிழல் அறிக்கை என்போம். அதற்கான கலந்துரையாடல்களை ஒழுங்குசெய்வதும், பேசியதைத் தமிழில் எழுதி, பேசியவர்களுக்கே வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவதும் என் பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மண்டபம் பிடித்துச் சாப்பாடு சொல்லும் வேலை. எனக்கோ, சமவாயம் நடைமுறைக்கு வருகிறதா இல்லையா என்பது அந்த மண்டபம் பிடிக்கும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தச் சமவாயம் பிறந்த விதமே அப்படிப்பட்டது. 2001இல் மெக்சிகோ ஐ.நா.வில் இந்த யோசனையை முன்வைத்தது. 2002 தொடக்கம் 2006 வரை நியூயோர்க்கில் நடந்த பேச்சுகளில் அரசுப் பிரதிநிதிகளோடு மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் உட்கார்ந்து வாசகம் வாசகமாக வாதாடின. ‘எங்களின்றி எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற முழக்கம் அந்த மண்டபத்துக்குள்ளேயே ஒலித்தது. 2006 டிசம்பர் 13இல் பொதுச்சபை அதை நிறைவேற்றியது. 2007 மார்ச் 30, கையொப்பத்துக்குத் திறந்த முதல் நாளிலேயே 82 ஒப்பங்கள் விழுந்தன; இலங்கையுடையதும் அவற்றில் ஒன்று. ஒப்பமிட்ட நாங்கள் அதை ஏற்று உறுதிப்படுத்த 2016 பெப்ரவரி வரை எடுத்துக்கொண்டோம். தனிநபர் நேரடியாக அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் விருப்பு நெறிமுறையை அப்போதும் கூடவே ஏற்கவில்லை. அதனால்தான் இங்கே நிழல் அறிக்கைக்கு இத்தனை கனம்.

கொழும்பில் ஒரு மண்டபம் பார்க்கப் போகும்போது என் பையில் அளவு நாடா இருக்கும். “சக்கர நாற்காலி வரலாமா?” என்று தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் மூன்று படி. இன்னொரு இடத்தில் சாய்தளம் இருக்கும். ஆனால் ஏணிபோல நிமிர்ந்து நிற்கும். ஒரு அடி ஏறவேண்டுமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளவேண்டும் என்பது பொதுவான கணக்கு. நீளத்துக்கு இடமில்லாத இடத்தில் உயரத்தை மட்டும் காட்டிச் சீமெந்து பூசிவிடுகிறார்கள். லிப்ட் இருக்கும், பொத்தானில் பிரெய்ல் இராது. எல்லாம் சரியாக இருந்து, கடைசியில் மலசலகூடக் கதவை அளந்தால் இருபத்துநாலு அங்குலம். சாதாரண சக்கர நாற்காலியே அதற்குள் நுழையாது.

இதை எடுத்துச் சொன்னால் வரும் பதில் எங்கேயும் ஒன்றுதான்: “பிரச்சினையில்லை, நாலு பேர் தூக்கிவிடுவார்கள்.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள்.

கிளிநொச்சியிலிருந்து எங்கள் கூட்டங்களுக்கு வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். போரின் கடைசி மாதங்களில் முதுகெலும்பில் காயப்பட்டவர். தூக்கிவிடுவதைப் பற்றி ஒருமுறை அவரிடம் கேட்டேன். “என்னைத் தூக்கி ஏத்தினா இறக்கிறதுக்கும் ஆள் தேடோணும் தங்கச்சி. பிறகு கூட்டத்தில என்ன கதைக்கிறாங்கள் எண்டு கேக்கேலாது. அந்த நாலு பேரும் நிக்கிறாங்களோ போட்டாங்களோ எண்டுதான் பாத்துக்கொண்டிருப்பன்” என்றார். கொழும்புக்கு வரும் நாளில் முதல்நாள் மத்தியானத்திலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதில்லை. இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம்; இடையில் நிற்கும் சாப்பாட்டுக் கடை எதிலும் அவர் போகக்கூடிய மலசலகூடம் கிடையாது. முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எவ்வளவு ஆபத்தானது என்று அவரைப் பார்க்கும் மருத்துவர்களுக்குத் தெரியும். அவருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே உதடு வறண்டபடி வந்து உட்கார்ந்து, சுகாதார உரிமை பற்றிய 25ஆம் உறுப்புரைக்குக் கருத்துச் சொல்கிறார்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 1996இலேயே மாற்றுத்திறனாளிகள் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வரத்தக்க வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன, சமவாயம் நிறைவேறுவதற்கும் முன்பே. நடைமுறைக்கு வராதபோது கலாநிதி அஜித் பெரேரா 2009இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் தெருவோர மரமொன்று அவருடைய ஓடும் காரின் மேல் விழுந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அடிப்படை உரிமை மனுவில் தானே வாதாடி, புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளை மீறக்கூடாது என்ற உத்தரவை 2011 ஏப்ரலில் பெற்றுத்தந்தார். அதற்குப் பிறகு எழும்பிய கட்டடங்களிலும் எங்கள் அளவு நாடாவுக்கு வேலை இருக்கிறது என்பது எனக்கு ஆறாத கோபம்.

உள்ளே வந்தவர்கள் பேசத் தொடங்கினால் அறிக்கை வேறொன்றாக மாறிவிடும். வாக்குரிமைப் பகுதிக்கான வரைவில், 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல் சட்டம் முன்னேற்றங்களின் வரிசையில் இருந்தது. பார்வையற்ற ஒருவர் தான் நம்பும் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் வாக்களிக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், பார்வையில்லாதவர், அந்த இடத்தில் கை உயர்த்தினார். “மகனைத்தான் கூட்டிக்கொண்டு போறன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனா நான் ஆருக்குப் போட்டன் எண்டு அவனுக்குத் தெரியும்தானே. உங்களுக்கெல்லாம் இரகசிய வாக்கு, எனக்கு மட்டும் ஏன் சாட்சியோட வாக்கு?” 29ஆம் உறுப்புரை இரகசிய வாக்கைத்தான் கேட்கிறது. சட்டத்தரணிகளும் நாங்களும் அதை எத்தனையோ தடவை வாசித்தவர்கள். அந்தக் கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது. பந்தி அங்கேயே மாற்றி எழுதப்பட்டது: உதவியாளரை வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும், அதோடு விரும்புகிறவர் தனியாகவே வாக்கிடக்கூடிய வாக்குச்சீட்டு ஏற்பாடும் வேண்டும்.

மாற்றுத்திறனாளி யார் என்று 1996 சட்டம் சொல்லும் வரைவிலக்கணம் பற்றிய விவாதம் அதைவிடச் சூடாக இருந்தது. உடலிலோ மனத்திலோ உள்ள குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பது அதன் சாரம். சமவாயம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது: குறைபாடு உள்ளவரைச் சமூகத்தின் தடைகள் மறிக்கும்போதுதான் இயலாமை உண்டாகிறது என்கிறது. கிளிநொச்சி அக்கா பத்துக் கோழியோடு தொடங்கிய பண்ணையில் இன்று இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். “அப்ப நான் இந்தச் சட்டத்துக்குள்ள வாறனோ இல்லையோ?” என்று கேட்டார். திருத்தினால் போதும் என்று சிலர், புதுச் சட்டம்தான் வேண்டும் என்று சிலர். நான் புதுச் சட்டத்தின் பக்கம்.

இப்படிப் பேசவேண்டியவர்களில் எத்தனை பேர் வராமலே போகிறார்கள் என்பதுதான் என் கவலை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதத்தினருக்கு, கிட்டத்தட்ட 16 இலட்சம் பேருக்கு, பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் இருந்தது. கொழும்புக் கூட்டங்களில் தமிழ் பேசும் காது கேளாதவர்களைக் காண்பது அரிது. சைகை மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள. இருவரைத் தேடிப் பிடித்தாலும், கொழும்பில் பழகிய சைகையும் வடக்கிலோ கிழக்கிலோ பழகிய சைகையும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஒரு கூட்டத்தில், வவுனியாவிலிருந்து வந்த இளம்பெண் சொன்னதை அவருடைய தோழி தன் சைகையில் திருப்பிச் செய்ய, அதைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல, நாங்கள் தமிழில் எழுதினோம். மூன்று கை மாறி வந்த அந்தச் செய்தி, பொலிஸ் நிலையத்தில் தன் முறைப்பாட்டை எழுத யாருக்கும் முடியவில்லை என்பது. 13ஆம் உறுப்புரை, நீதியை அணுகுதல். எழுதியதை அதே வழியில் திருப்பி அவரிடம் கொண்டுபோய் ஒப்புதல் வாங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுதும் போய்விட்டது. அந்தப் பந்தியில் ஒரு சொல்லைக்கூடச் சுருக்க நான் விடவில்லை.

நிதி தருகிறவர்களோடு நான் சண்டை பிடிப்பதும் இந்த இடத்தில்தான். அறிக்கை அச்சிட, வெளியீட்டு விழா வைக்கப் பணம் ஒதுக்குவார்கள். கூட வரும் உதவியாளருக்குப் பஸ் காசும் படுக்கையும் கேட்டால், “பங்குபற்றுநர் அல்லாதவருக்கு எப்படி?” என்று மின்னஞ்சல் வரும். உதவியாளர் இல்லாமல் அந்தப் பங்குபற்றுநரே இல்லை என்று பதில் எழுதுவேன். நியாயமான வசதி செய்துகொடுக்க மறுப்பதும் பாகுபாடுதான் என்று சமவாயத்தின் 2ஆம் உறுப்புரை சொல்வதையும் சேர்த்து அனுப்புவேன்.

இப்போது கலந்துரையாடல்களில் பாதியைக் கொழும்புக்கு வெளியே வைக்கிறோம். அடுத்தது கிளிநொச்சியில். மண்டபத்தை அக்காவே பார்த்துவிட்டார். வாசல் சமதரை, மலசலகூடக் கதவு முப்பத்தாறு அங்குலம் என்று அளந்து அனுப்பியிருக்கிறார். கொழும்பிலிருந்து போகவேண்டியது நாங்கள்தான். நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக 1996 சட்டத்தையே போடச் சொல்லியிருக்கிறார், போட்டாயிற்று.